அபினித் தராசும் நீதித் தராசும்

ஒரு தேசத்தின் வரலாற்றை அறிய விரும்புவோர் அரசர்களின் போர்களையும் முடிசூட்டு விழாக்களையும் மட்டும் படித்தல் போதாது. அத்தேசத்தில் எச்செயல் எக்காலத்தில் குற்றமெனப்பட்டது, அதற்கு என்ன தண்டனை விதிக்கப்பட்டது, அத்தண்டனை யார் தலையில் விழுந்தது என்பவற்றையும் ஆராய்தல் வேண்டும். ஒரு காலத்தில் அரசாங்கமே ஏலம் கூறி விற்ற பொருள், பிறிதொரு காலத்தில் தன்னை மடியில் வைத்திருந்தவனைச் சிறைக்கு அனுப்பும் பொருளாயிற்று. அபினி, கஞ்சா முதலிய போதைப் பொருள்களைக் குறித்து நம் தேசத்தில் உண்டான சட்டங்களின் வரலாறு இத்தகையது. அதனை இயன்றவரை சுருக்கி ஈண்டு எழுதத் துணிந்தேன்.

துணிந்ததற்குக் காரணமும் உண்டு. சில திங்களுக்கு முன் ஒருநாள் மாலை, பள்ளிக்கூடம் விட்டபின், நம்மவருள் ஒருவர் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மடித்து வைத்திருந்த ஒரு காகிதத்தை என் கையில் தந்து, "வாத்தியார் ஐயா, என் மகனுக்குப் பத்து வருஷம் கிடைக்கும் என்று எல்லாரும் சொல்லுகிறார்கள். மெய்தானா?" என்று கேட்டார். "பையனிடத்தில் இருந்தது என்ன? எவ்வளவு?" என்று யான் வினவினேன். "கஞ்சா என்கிறார்கள். எவ்வளவானால் என்ன ஐயா? குற்றம் குற்றந்தானே" என்று கூறி அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எவ்வளவானால் என்ன?" என்னும் அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து. அவ்வினாவிற்கு நேரான விடை கூறுதற்கு நம் தேசத்துச் சட்டம் நூறாண்டிற்கும் மேற்பட்ட காலம் எடுத்துக்கொண்டது என்பதனைப் பின்வருவனவற்றால் அறிக.

பெயரும் பொருளும்

முதற்கண் பெயர்களைத் தெளிதல் நன்று. அபினி என்பது ஒரு செடியின் காயைக் கீறுங்கால் வடியும் பாலை உலர்த்தி எடுப்பது. கிரேக்கர் அதனைச் சாறு என்னும் பொருளில் 'ஓப்பியன்' என்றனர். அராபியர் அச்சொல்லையே 'அஃப்யூன்' என்றனர். அதுவே நம்மிடத்து அபினியாயிற்று. வடமொழியார் அதனை 'அஹிபேனம்' என வழங்கினர். பாம்பின் நுரை என்பது அதன் பொருள். பிறநாட்டுச் சொல்லை ஒலி ஒப்புமையாற் பிரித்துப் பொருள் கண்ட வகை இது வாயினும், அபினியின் தன்மைக்கு அப்பெயர் பொருந்தாமற் போகவில்லை. அபினியிலிருந்து மார்பின் என்னும் வலி போக்கும் மருந்து எடுக்கப்படுகின்றது. அம்மார்பினை மேலும் மாற்றிச் செய்வதே ஹெராயின் என்னும் கொடிய போதை.

அச்செடியின் விதைதான் நம் பெண்டிர் அடுக்களையில் குருமாவிற்கு அரைத்து ஊற்றும் கசகசா. விதையைச் சட்டம் தீண்டுவதில்லை. இவ்வாறே கஞ்சா என்று சட்டம் கூறுவது அச்செடியின் பூவும் காயும் செறிந்த நுனிப்பகுதியையே. அந்நுனியோடு சேராத இலையும் விதையும் அச்சொல்லில் அடங்கா. ஆதலினாற்றான் வடநாட்டில் இலையை அரைத்துச் செய்யும் பாங்கு என்பது இச்சட்டத்திற்குப் புறம்பாக நின்று, அவ்வம் மாகாணத்துச் சட்டத்தின்படி நடைபெறுகின்றது. ஒரே செடியில் ஓர் உறுப்பு குற்றம், மற்றோர் உறுப்பு குற்றமன்று. சட்டம் என்பது இயற்கை வகுத்த எல்லையன்று, மக்கள் வகுத்த எல்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

கும்பினியார் நடத்திய வியாபாரம்

1757-ஆம் ஆண்டுப் பிளாசிப் போருக்குப்பின் வங்காளமும் பீகாரும் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியார் கைப்பட்டன. வாரன் ஹேஸ்டிங்ஸ் 1773-ஆம் ஆண்டில் அப்பகுதிகளின் அபினி வாணிகத்தைக் கும்பினியார்க்கே தனியுரிமையாக்கினார். 1797-ஆம் ஆண்டு முதல் பயிரிடுவித்தலையும் பதப்படுத்துதலையும் கும்பினியாரே நேரில் ஏற்றுக்கொண்டனர். குடியானவனுக்கு முன்பணம் கொடுக்கப்பட்டது. அவன் வடித்த பால் முழுவதையும் கும்பினியார் குறித்த விலைக்கே அவர்களிடம் கொண்டுவந்து நிறுத்துக் கொடுத்தல் வேண்டும். பாட்னாவிலும் காஜிப்பூரிலும் இருந்த தொழிற்சாலைகளில் அது உருண்டையாகப் பிடிக்கப்பட்டு, பெட்டி ஒன்றுக்கு 40 உருண்டையாக, ஏறத்தாழ 140 இராத்தல் எடையில் அடைக்கப்பெற்று, கல்கத்தாவில் ஏலத்தில் விற்கப்பட்டது. நம் தேசத்தில் அரசாங்கம் அபினியை நிறுத்த முதல் தராசு இதுவே. அஃது எடுத்த ஒவ்வொரு நிறையும் வருமானக் கணக்கில் ஏறியது.

அப்பெட்டிகள் சென்ற இடம் சீன தேசம். அங்கோ அபினி விலக்கப்பட்ட பொருள். 1729-ஆம் ஆண்டிலேயே யுங்செங் சக்கரவர்த்தி அபினி விற்பனையைத் தடுத்து ஆணை பிறப்பித்திருந்தார். ஆதலின் கும்பினியார் தம் கப்பல்களில் அதனை ஏற்றாது, கல்கத்தா ஏலத்தில் எடுத்த தனி வணிகர்களைக்கொண்டு கள்ளத்தனமாய்ச் சீனக் கரையில் இறக்குவித்தனர். விற்றவர் கை தூய்மையாகவும் கொண்டுசென்றவர் கை அழுக்காகவும் தோன்றுமாறு அமைந்த ஏற்பாடு இது. இக்காலத்துப் பெருங் கடத்தல்காரர் தாம் பொருளைத் தொடாது ஏழைப் பையன்கள் கையிற் கொடுத்தனுப்பும் சூழ்ச்சிக்கு இதுவே மூதாதை எனின் மிகையாகாது.

1839-ஆம் ஆண்டில் சீனச் சக்கரவர்த்தியின் ஆணைபெற்ற லின் சேசு என்னும் அதிகாரி காண்டன் நகரத்திற்கு வந்து, ஆங்கில வணிகரிடமிருந்த 20,000-க்கும் மேற்பட்ட அபினிப் பெட்டிகளைக் கைப்பற்றி, ஹுமென் என்னும் இடத்தில் சுண்ணாம்பும் உப்பும் கலந்த நீர்க்குழிகளிற் கரைத்துக் கடலில் விடுவித்தார். விக்டோரியா மகாராணியாருக்கு, இவ்வாணிகத்தின் அறமின்மையை எடுத்துக்காட்டி ஒரு கடிதமும் எழுதினார். அதற்கு விடையாக வந்தவை போர்க்கப்பல்கள். 1842-ஆம் ஆண்டு நான்கிங் உடன்படிக்கையின்படி ஹாங்காங் தீவு ஆங்கிலேயர்க்குச் சென்றது. சீனர் செலுத்த வேண்டிய 210 இலட்சம் வெள்ளி டாலரில் 60 இலட்சம் அழிக்கப்பட்ட அபினிக்கு ஈடாகக் குறிக்கப்பட்டது. இரண்டாம் போரின் இடையே, 1858-ஆம் ஆண்டில், அபினி வரி விதித்து இறக்குமதி செய்யத்தக்க பொருளாகச் சீனத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டது. தன் குடிகளைக் காக்கச் சட்டமியற்றிய அரசு தண்டிக்கப்பட்டது. அச்சட்டத்தை மீறியவர்க்கு ஈட்டுத்தொகை கிடைத்தது. குற்றம் என்னும் சொல்லின் பொருள் வலியார் கையில் எவ்வாறு திரியும் என்பதற்கு உலக வரலாற்றில் இதனையொத்த சான்றுகள் மிகச் சிலவே.

வருமானங் காத்த சட்டங்கள்

அக்காலத்து இந்தியாவில் அபினிச் சட்டம் இல்லாமலில்லை. 1857-ஆம் ஆண்டின் 13-ஆவது சட்டம் வங்காளப் பகுதியில் அபினி பயிரிடுதலை ஒழுங்குபடுத்தியது. குடியானவன் விளைந்ததில் ஒரு பகுதியை ஒளித்துவைத்தாலும் பிறர்க்கு விற்றாலும் அது குற்றம். பின்னர் 1878-ஆம் ஆண்டின் முதலாவது சட்டம், உரிமைச்சீட்டு இல்லாமல் அபினியை வைத்திருத்தல், எடுத்துச்செல்லுதல், விற்றல் முதலியவற்றைத் தடுத்தது. தண்டனை 1 ஆண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இச்சட்டங்களின் உட்கருத்தை ஊன்றி நோக்குக. உரிமைச்சீட்டுப் பெற்ற கடையில் வாங்கி அபினி உண்டவன் குற்றவாளி அல்லன். அதே அபினியைச் சீட்டில்லாதவனிடம் வாங்கியவன் குற்றவாளி. உடலுக்கு விளையும் கேடு இரண்டிடத்தும் ஒன்றே. வேறுபாடு கருவூலத்திற்கு வரவேண்டிய பணத்தில் மட்டுமே இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய அரசாங்கத்தின் வருமானத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு அபினியினின்று வந்ததென்பதை அறிவோர்க்கு இஃது வியப்பாகத் தோன்றாது.

வியப்பாகத் தோன்றாவிடினும் வெறுப்பாகத் தோன்றிற்று, நல்லோர் சிலர்க்கு. இரவீந்திரநாத தாகூர் தம் இருபதாம் வயதில், 1881-ஆம் ஆண்டில், சீனத்தில் நடக்கும் மரண வியாபாரம் என்று இதனைக் கடிந்து வங்காளிப் பத்திரிகையில் ஒரு கட்டுரை வரைந்தார். இங்கிலாந்திலும் பாதிரிமார்களும் பாராளுமன்ற அங்கத்தினர் சிலரும் கிளர்ச்சி செய்தனர். அக்கிளர்ச்சியின் பயனாக 1893-ஆம் ஆண்டில் இரண்டு விசாரணைக் குழுக்கள் தோன்றின.

இரண்டு கமிஷன்கள்

ஒன்று பிராசி பிரபு தலைமையில் அமைந்த அபினி பற்றிய ராயல் கமிஷன். இந்தியருள் தர்பங்கா மகாராஜா லக்ஷ்மேஷ்வர் சிங்கும் ஹரிதாஸ் விஹாரிதாஸ் தேசாயும் அதில் இடம்பெற்றனர். 1895-ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் அறிக்கை, அபினியை முற்றும் விலக்க வேண்டுவதில்லை என்று முடிவுகட்டியது. ஹென்றி வில்ஸன் என்னும் பாராளுமன்ற அங்கத்தினர் ஒருவர் மாறுபட்டுத் தனிக்குறிப்பு எழுதினார். வருமானத்தைக் காக்கவே அம்முடிவு கூறப்பட்டதென்று அந்நாளிற் பலரும் குறைகூறினர்.

மற்றொன்று கஞ்சா முதலியவற்றைப் பற்றி ஆராய்ந்த இந்திய ஹெம்ப் டிரக்ஸ் கமிஷன். மக்வொர்த் யங் தலைமையில் எழுவர் கொண்ட அக்குழுவில் மூவர் இந்தியர். 1,193 சாட்சிகளை விசாரித்து 3,000 பக்கங்களுக்கு மேற்பட்ட அறிக்கையை 1894-ஆம் ஆண்டில் அது வெளியிட்டது. கஞ்சா தின்பதனாற் பித்துப்பிடித்தவரென்று பைத்தியசாலைகளிற் பதிவுசெய்யப்பட்டோர் பலருடைய வரலாற்றைத் தனித்தனியே தேடிப் பார்த்து, அப்பதிவுகள் பலவும் ஆதாரமின்றி எழுதப்பட்டவை என்று கண்டது. மட்டான உபயோகத்தால் பெருந்தீங்கு இல்லை, மிகையான உபயோகம் தீங்கு தரும், முற்றும் விலக்காது வரியாலும் உரிமைச்சீட்டாலும் கட்டுப்படுத்துதலே தக்கது என்பது அதன் முடிவு. 'மட்டு', 'மிகை' என்னும் இரண்டு சொற்களை வேறுபடுத்திப் பேசிய அளவில் அவ்வறிக்கை பாராட்டத்தக்கது. அவ்வேறுபாட்டைத் தண்டனைச் சட்டத்திற் காண நாம் இன்னும் நூறாண்டு கடந்து செல்ல வேண்டும்.

வரியினின்று தண்டனைக்கு

20-ஆம் நூற்றாண்டு பிறந்தவுடன் காற்று திரும்பியது. 1907-ஆம் ஆண்டில் ஆங்கில அரசாங்கமும் சீன அரசாங்கமும் பேசி, ஆண்டுதோறும் பத்தில் ஒரு பங்காக இந்திய அபினியைக் குறைத்துவர உடன்பட்டன. 1909-ஆம் ஆண்டில் ஷாங்காயில் பல தேசத்தார் கூடி ஆலோசித்தனர். 1912-ஆம் ஆண்டில் ஹேக் நகரத்தில் முதல் சர்வதேச அபினி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 1925-ஆம் ஆண்டு ஜெனிவா உடன்படிக்கையிற் கஞ்சாவும் சேர்க்கப்பட்டது. அவ்வுடன்படிக்கையை நிறைவேற்றும் பொருட்டு இந்தியாவில் 1930-ஆம் ஆண்டில் அபாயகர மருந்துகள் சட்டம் பிறந்தது. இவற்றிற்கிடையே அஸ்ஸாமில் அபினிக்கு அடிமைப்பட்ட குடும்பங்களின் துயரைக் கண்டு காங்கிரஸ்காரர் விலக்குப் பிரசாரம் செய்தனர். 1925-ஆம் ஆண்டில் அங்கு ஒரு விசாரணைக் குழுவும் அமைத்தனர்.

சுதந்திரத்திற்குப்பின் 1950-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 47-ஆவது பிரிவு, மருந்திற்கன்றி மதுவையும் உடலுக்குக் கேடான போதைப் பொருளையும் உட்கொள்ளுதலை விலக்க அரசாங்கம் முயலல்வேண்டும் என்று கூறிற்று. கருவூலத்தைக் காத்த சட்டம் இப்போது குடிகளின் உடலைக் காக்க முற்பட்டது. இது போற்றத்தக்க மாறுதல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் தண்டனைகள் முன்போலவே இலேசாக இருந்தன. 1930-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உச்சத் தண்டனை 3 ஆண்டு. மீண்டும் குற்றம் புரிந்தவனுக்கு 4 ஆண்டு. இதற்குக் குறையக்கூடாது என்னும் கீழெல்லை ஒன்றும் இல்லை. ஆப்கானிஸ்தானத்துப் பக்கத்தினின்றும் பர்மாப் பக்கத்தினின்றும் ஹெராயின் நம் தேசத்தின் வழியாகப் பிறதேசங்களுக்குப் பாயத் தொடங்கிய காலத்தில் அத்தண்டனை கடத்தல்காரர்க்கு ஒரு வியாபாரச் செலவாகவே தோன்றியது.

ஆகவே 1985-ஆம் ஆண்டில் பழைய அபினிச் சட்டங்களையும் 1930-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் நீக்கி, போதை மருந்துகளும் மனமயக்கப் பொருள்களும் பற்றிய சட்டம் இயற்றப்பட்டு, அவ்வாண்டு நவம்பர் 14-ஆம் நாள் அமுலுக்கு வந்தது. அபினி, ஹெராயின், சரஸ் முதலியவற்றைப் பற்றிய குற்றங்களுக்கு 10 ஆண்டிற்குக் குறையாமலும் 20 ஆண்டிற்கு மேற்படாமலும் கடுங்காவல். 1 இலட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம். கஞ்சாவுக்கு மட்டும் 5 ஆண்டு வரை. 1989-ஆம் ஆண்டுத் திருத்தம் ஜாமீனை அரிதாக்கியது. பெரும் அளவோடு இரண்டாம் முறை அகப்பட்டவனுக்கு மரண தண்டனையைக் கட்டாயமாக்கியது.

தராசு இல்லாத நீதி

கடுமை வேண்டியதே. ஆயினும் இச்சட்டத்தில் ஒரு பெருங்குறை இருந்தது. ஒரு மூட்டை வைத்திருந்தவனும் ஒரு பொட்டலம் வைத்திருந்தவனும் ஒரே தட்டில் வைக்கப்பட்டனர். 'சிற்றளவு' என்று ஒன்று குறிக்கப்பட்டிருந்தது உண்மைதான். ஹெராயினுக்கு 250 மில்லிகிராம், அபினிக்கும் சரஸுக்கும் 5 கிராம். அவ்வளவிற்குள் இருந்து, தன் சொந்த உபயோகத்திற்கே வைத்திருந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டவனே மெய்ப்பித்தால் 6 மாதமோ 1 ஆண்டோ தண்டனையோடு தப்பலாம். மெய்ப்பிக்கும் சுமை அவன் தலைமேல். எழுத்தறியாத ஏழை, வக்கீல் அமர்த்த வகையில்லாதவன், போதையால் அறிவு மயங்கியவன் எவ்வாறு மெய்ப்பிப்பான்?

கோவாவில் 12 கிராம் சரஸோடு பிடிபட்ட அயல்நாட்டான் ஒருவனுக்கு 10 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. கைப்பற்றியதில் 5 கிராமுக்குக் குறைந்த ஒரு துண்டு மட்டுமே இரசாயனப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டதென்பதை உச்ச நீதிமன்றம் 1993-ஆம் ஆண்டிற் கண்டு, மெய்ப்பிக்கப்பட்டது அத்துண்டு ஒன்றே என்று கூறித் தண்டனையை 6 மாதமாகக் குறைத்தது. கேரளத்திலிருந்து வந்த வேறொரு வழக்கில் ஒருவனிடம் இருந்த ஹெராயின் 100 மில்லிகிராம். அவனுக்கும் கீழ்நீதிமன்றம் விதித்தது 10 ஆண்டு. 1999-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அதனையும் குறைத்தது. உச்ச நீதிமன்றம் வரை செல்ல வாய்த்தவர் பிழைத்தனர். செல்ல வாய்க்காதவர்?

2001-ஆம் ஆண்டின் திருத்தம்

இக்குறையைப் பாராளுமன்றமும் உணர்ந்தது. 2001-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், அக்டோபர் 2-ஆம் நாள், காந்தியடிகள் பிறந்த நாளிலே அமுலுக்கு வந்தது. அன்றுதான் நீதிமன்றத்தில் உண்மையாகவே ஒரு தராசு வைக்கப்பட்டது. ஒவ்வொரு பொருளுக்கும் சிற்றளவு என்றும் வணிக அளவு என்றும் இரண்டு எல்லைகள் குறிக்கப்பட்டன. கஞ்சாவுக்குச் சிற்றளவு 1 கிலோகிராம், வணிக அளவு 20 கிலோகிராம். ஹெராயினுக்கு 5 கிராமும் 250 கிராமும். அபினிக்கு 25 கிராமும் 2½ கிலோகிராமும். சரஸுக்கு 100 கிராமும் 1 கிலோகிராமும். கொக்கேயினுக்கு 2 கிராமும் 100 கிராமும்.

சிற்றளவாயின் அப்போது 6 மாதம் வரையும், 2014-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் 1 ஆண்டு வரையும் சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இரண்டு எல்லைக்கும் இடைப்பட்டதாயின் 10 ஆண்டு வரை சிறையும் 1 இலட்சம் ரூபாய் வரை அபராதமும். வணிக அளவாயின் 10 முதல் 20 ஆண்டு வரை கடுங்காவலும் 1 முதல் 2 இலட்சம் ரூபாய் வரை அபராதமும். ஜாமீனுக்குள்ள கடுந்தடையும் வணிக அளவுக்கும் வேறு சில பெருங்குற்றங்களுக்குமே உரியதாயிற்று. மரண தண்டனையைக் கட்டாயமாக்கிய பகுதி செல்லாதென்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2011-ஆம் ஆண்டிற் கூற, 2014-ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை நீதிபதியின் விருப்பத்திற்கு விட்டது.

இத்தராசும் குற்றமற்றதன்று. ஏறத்தாழ 4 கிலோகிராம் எடையுள்ள பொடி ஒன்றில் கலந்திருந்த தூய ஹெராயின் 60 கிராமே என்பதைக் கருதி, தூய பொருளின் எடையையே கொள்ளவேண்டுமென்று 2008-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் கூறிற்று. 2009-ஆம் ஆண்டில் அரசாங்கம், கலவை முழுவதையும் நிறுக்க வேண்டுமென்று அறிவித்தது. 2020-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமும் கலவை முழுவதையும் கொள்ளுதலே சரியென்று தீர்மானித்தது. தெருவில் விற்கப்படுவது கலவையே, கெடுதி செய்வதும் அதுவே என்பது ஒருபக்கத்து நியாயம். மாவு மிகுதியாய்க் கலந்த மட்டமான பொருளை வாங்கிய ஏழைக்கு, தூய பொருளை வாங்கிய செல்வனைவிட மிகுந்த தண்டனை வருமே என்பது மறுபக்கத்து நியாயம். படிப்போர் தம் அறிவால் ஆராய்ந்துகொள்க.

அளவு ஒன்றே நீதியாகாது, முறையும் வேண்டும். ஒருவனது உடலைச் சோதிக்குமுன், அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரி அல்லது மாஜிஸ்டிரேட் முன்னிலையிற் சோதிக்கப்பட அவனுக்கு உரிமை உண்டென்பதை அவனுக்கு எடுத்துச்சொல்லுதல் வேண்டுமென்று 1999-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் ஆயம் கூறிற்று. பெண்ணைப் பெண்ணே சோதித்தல் வேண்டும். இச்சட்டத்தின்கீழ் விசாரிக்கும் அதிகாரிகளிடம் கொடுத்ததாகக் காட்டப்படும் ஒப்புதல் வாக்குமூலத்தைக்கொண்டு ஒருவனைத் தண்டித்தல் கூடாதென்பது 2020-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. அவ்வழக்கு நம் தமிழ்நாட்டினின்று சென்றதென்பது குறிப்பிடத்தக்கது.

கடல் கடந்த தராசு

நம் மக்கள் பலர் பிழைப்பு நாடிச் செல்லும் சிங்கப்பூர், மலேயா நாடுகளையும் ஈண்டு ஒருவார்த்தை கூறாது விடலாகாது. 1900-ஐ அடுத்த ஆண்டுகளில் அக்கரைக் குடியேற்றங்களின் அரசாங்க வருமானத்திற் பாதிக்கு அண்மையான பகுதி அபினியினின்று வந்தது. அதே சிங்கப்பூரில் 1973-ஆம் ஆண்டில் கடுஞ்சட்டம் பிறந்து, 1975-ஆம் ஆண்டில் அதனோடு மரண தண்டனையும் சேர்ந்தது. தூய ஹெராயின் 15 கிராமுக்கு மேற்படின் தூக்கு. 2022-ஆம் ஆண்டில் மலேசியத் தமிழ் இளைஞன் ஒருவன், அறிவு வளர்ச்சி குன்றியவனென்று அவன் பக்கத்து வக்கீல்கள் எடுத்துக்காட்டியும், 42 கிராமுக்குச் சிறிது மேற்பட்ட ஹெராயினுக்காக ஆங்குத் தூக்கிலிடப்பட்டான். மலேசியாவோ கட்டாய மரண தண்டனையை 2023-ஆம் ஆண்டில் நீக்கிவிட்டது. அந்நாடுகளுக்குப் பிள்ளைகளை அனுப்புவோர், பிறர் கொடுக்கும் பொட்டலம் எதனையும் வாங்கிச் செல்லலாகாது என்பதை விமானம் ஏறுமுன் அவர்க்கு அறிவுறுத்துவாராக.

முடிவுரை

இனித் திண்ணைக்கு வந்த பெரியவரிடம் மீள்வோம். அவர் தந்த காகிதத்தைப் பிரித்துப் படித்தேன். கைப்பற்றப்பட்டது 120 கிராம் கஞ்சா என்று எழுதியிருந்தது. "ஐயா, இது சிற்றளவு. பத்து வருஷம் என்பது பொய். சட்டப்படி உச்சம் ஒரு வருஷம்; அபராதத்தோடு முடிதலும் உண்டு" என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையன் ஓராண்டாகவே இப்பழக்கத்தில் வீழ்ந்திருந்ததைத் தாம் அறிந்திருந்ததாகவும், வீட்டில் மகளுக்கு வரன் பார்க்கும் காலமாதலால் நம்மவர் காதில் விழக்கூடாதென்று மறைத்து வைத்ததாகவும் சொன்னார். "அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருப்பேன் ஐயா. யார் கண்ணிலாவது பட்டுவிடுமோ என்று பயந்தேன்" என்றார்.

அன்பர்களே! அச்சட்டத்திலேயே 64-ஏ என்று ஒரு பிரிவு உண்டு. போதைக்கு அடிமைப்பட்டவன் உட்கொண்ட குற்றத்திற்கோ சிற்றளவுக் குற்றத்திற்கோ உட்பட்டிருப்பின், அவன் தானே விரும்பி அரசாங்கத்தால் ஏற்கப்பட்ட நிலையத்தில் சிகிச்சைக்கு உட்பட்டு அதனை முடிப்பானாயின், அவ்வழக்கினின்றும் விடுபட அது வழி செய்கின்றது. 39-ஆவது பிரிவு, அத்தகையவனைச் சிறைக்கு அனுப்பாது சிகிச்சைக்கு விடுதலை செய்ய நீதிபதிக்கு அதிகாரம் தருகின்றது. வக்கீல் அமர்த்த வசதியில்லாதார்க்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீலைத் தரும். ஒரு காலத்தில் குடிகள் கெட்டாலும் வருமானம் கெடலாகாதென்று நின்ற சட்டம், இத்தனை ஆண்டுகளின்பின், விழுந்தவனைத் தூக்கிவிட ஒரு கையாவது நீட்டியுள்ளது. அக்கையைப் பற்றவொட்டாமல் தடுப்பது நம் வெட்கமே.

விற்பவனிடத்தில் இரக்கம் வேண்டா. பள்ளிக்கூட வாயிலில் பொட்டலம் விற்போனை எந்நாளும் மறையாது காட்டிக்கொடுத்தல் நம் கடமை. உட்கொண்டு கெட்டவனிடத்தில் வெறுப்பு வேண்டா. அவ்விருவரையும் வேறுபடுத்தி அறிய அரசாங்கத்திற்கு 1878 முதல் 2001 வரை ஆயிற்று. நாம் ஒரு குடும்பத்தாராய்க் கூடியுள்ளோம். நமக்கு அத்துணைக் காலம் வேண்டுவதில்லை. நம்முள் ஒரு வீட்டில் இத்துன்பம் நேருமாயின், அவ்வீட்டில் வரன் கேட்டுச் செல்லத் தயங்காதிருத்தலும், பையனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லும் தந்தையோடு துணைக்கு ஒருவர் நடந்து செல்லுதலும், சங்கம் கட்டும் கட்டிடத்தினும் பெரிய தருமமாகும்.

அப்பையன் இப்போது சிகிச்சையில் இருக்கின்றான். தந்தையார் வாரந்தோறும் சென்று பார்த்து வருகின்றார். சென்ற வாரம் அவரோடு யானும் சென்றிருந்தேன்.